கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தையல், ஆரி: எப்போது உட்காருகிறீர்கள்?

ஊசிமல்லி
இரவு 11:50

வணக்கம் தோழிகளே. ரொம்ப நாள் வெறும் வாசகியாக இருந்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். கோவையில் இருக்கிறோம், இரண்டாவது மாடி வாடகை வீடு. பெரியவனுக்கு மூன்றரை வயது. சின்னவளுக்கு ஒன்பது மாதம், தவழ்ந்து போய் எது கிடைத்தாலும் வாயில் வைக்கும் பருவம்.

கல்யாணத்துக்கு முன்பே தையல் லோயர் தேர்வு பாஸ் செய்துவிட்டேன். பிறகு ஆரி வகுப்புக்கும் போனேன், துணியை ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் பூவேலை போடுவது. அக்கம்பக்கத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுத்து, கைச்செலவுக்கு யாரிடமும் நிற்காமல் இருந்தவள். இப்போது மெஷின் பலகை மேல் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது. ஆரி ஸ்டாண்டு பீரோவுக்குப் பின்னால் தூசி குடிக்கிறது.

ஆவணிக் கடைசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த பிளவுஸ் நான்தான் போட்டுத் தரவேண்டுமாம். எனக்கும் ஆசைதான். சின்னவள் தூங்கியதும் ஸ்டாண்டை எடுத்து விரித்து உட்கார்ந்தால் இரண்டு வரிசை போடுவதற்குள் எழுந்துவிடுகிறாள். ஊசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினால் பெரியவன் வந்து நூல் நுனியைப் பிடித்து இழுக்கிறான். சர்ரென்று மொத்தச் சங்கிலியும் அவிழ்ந்துவிடுகிறது. நேற்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இது போதாதென்று எதிர்வீட்டு அக்காவின் நாலு பிளவுஸ் வேறு வாங்கி வைத்திருக்கிறேன். சின்னக் குழந்தைகளோடு தைக்கிறவர்கள் எந்த நேரத்தில் உட்காருகிறீர்கள்? காலையிலா, ராத்திரியிலா? கொஞ்சம் சொல்லுங்களேன்.

ராக்கோழி
இரவு 12:25

பெயரைப் பார்த்தாலே தெரியுமே, நான் ராத்திரிக் கட்சி. பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்தரை முதல் பன்னிரண்டு வரை என் நேரம். போன் பேச்சு இல்லை, காலிங் பெல் இல்லை, குக்கர் விசில் இல்லை.

ஆனால் ராத்திரி தைப்பதற்கென்று சில விஷயங்கள் உண்டு. கருப்பு, கருநீலத் துணியை எடுக்கவே கூடாது. அதே நிற நூலில் போட்ட தையல் கண்ணுக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் கோணலாக ஓடியிருக்கும். பாபினில் நூல் சுற்றுவது, ஊசி மாற்றுவது எல்லாம் பகலிலேயே முடித்துவிட வேண்டும். மாடி வீடு என்றால் மெஷின் காலுக்கடியில் ரப்பர் ஷீட் போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும், மறுநாள் ஹவுஸ் ஓனர் மேலே வருவார்.

வெட்டுவதை மட்டும் ராத்திரி வைத்துக்கொள்ளாதீர்கள். தப்பாகத் தைத்தால் பிரிக்கலாம். வெட்டினது வெட்டினதுதான்.

மிதிமெஷின்
காலை 5:40

ராக்கோழி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் இருபது வருஷத்துக்கு மேல் தையல் சொல்லிக்கொடுத்தவள், இப்போது பேரன் பேத்தியோடு இருக்கிறேன். ஒன்பது மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் அம்மாவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மெஷின் வேண்டாம் கண்ணு. தூக்கக் கலக்கத்தில் மோட்டார் மெஷினில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நகத்தோடு ஊசி இறங்கிய ஒரு பெண்ணை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். தூக்கம் வந்தால் தூங்கு.

காலையா ராத்திரியா என்று கேட்கிறாய். கைக்குழந்தைக்காரிக்கு அப்படிச் சேர்ந்தாற்போல ஒரு நேரம் வாய்ப்பதே அபூர்வம். பத்து நிமிஷம், கால் மணி என்று உதிரியாகத்தான் கிடைக்கும். அந்த உதிரிக்குள் எந்த வேலை அடங்கும் என்று பார்.

புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதை எடுத்துக்கொள். கீழ் ஓரம் மெஷினில் ஒரே ஓட்டம். மேல் ஓரம் கையால் எம்மிங். தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டே கை எம்மிங் போடலாம், எங்கள் அம்மா அப்படித்தான் போடுவார். குழந்தை எழுந்தால் ஊசியைத் துணியிலேயே குத்தாமல் டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கடைகளில் நேரம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் சலவையிலேயே ஃபால்ஸ் சுருங்கி, புடவைக் கரை குடை மாதிரி வளைந்து நிற்கும்.

பட்டுப் புடவைக்குக் குச்சு கட்டுவதும் இந்த ரகம்தான். ஒவ்வொரு குச்சும் தனித்தனி முடிச்சு. ஏழு கட்டிவிட்டு எழுந்து போனால் ஏழும் அப்படியே நிற்கும். ஆரி அப்படியில்லை. கொக்கி ஊசியில் கீழிருந்து இழுக்கிற சங்கிலித் தையல், நுனியை முடிச்சுப் போடாமல் விட்டால் ஆரம்பம் வரை அவிழும். அதன் குணமே அது. பெரியவனைத் திட்டி என்ன பயன்?

அவசரமாக எழ வேண்டியிருந்தால் கடைசிக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து அதற்குள் ஒரு சேஃப்டி பின்னைக் கோத்துப் பூட்டிவிடு. மூன்று விநாடி வேலை. பிறகு யார் இழுத்தாலும் அங்கேயே நிற்கும்.

ஊசிமல்லி
காலை 10:15

அம்மா, சேஃப்டி பின் விஷயம் வகுப்பில்கூட யாரும் சொல்லவில்லை! நன்றி. தூளி இன்னும் கட்டித்தான் இருக்கிறது, இன்றைக்கே எம்மிங் வேலையை அதன் பக்கத்துக்கு மாற்றுகிறேன்.

ரெட்டைவால்
காலை 11:05

இரட்டைக் குழந்தைகளின் அம்மா என்ற தகுதியில் பேசுகிறேன் :)

என் பிரச்சினை நேரம் இல்லாதது மட்டும் இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுப்பதும் மறுபடி உள்ளே வைப்பதும்தான். இருபது நிமிஷம் கிடைத்தால் மெஷின் மூடியைத் திறந்து, நூல் கோத்து, துணி தேடி, டேப் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் பதினைந்து நிமிஷம் போய்விடும். ஆகவே மெஷினை மூலையில் திறந்தபடியே விட முடியுமா என்று பார்த்தேன். நான் செய்தது, பால்கனிக் கதவை ஒட்டி மெஷினைப் போட்டு, அந்த மூலையை மட்டும் குழந்தைக்கான மடக்குத் தடுப்பால் மறித்தேன். எல்லோரும் குழந்தையைத் தடுப்புக்குள் போடுவார்கள். நான் என்னைத் தடுப்புக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு வாலும் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

அப்புறம், ஒரு உடுப்புக்கு ஒரு பை. மேல்துணி, லைனிங், நூல், கொக்கி, அளவுச் சீட்டு எல்லாம் அந்தப் பைக்குள். துணிக்கடைக் கட்டைப் பையே போதும். கையை விட்டால் அந்த வேலைக்கு வேண்டிய எல்லாம் வரும்.

கொங்குப்பொண்ணு
மதியம் 1:30

எல்லாரும் ஆசைக்குத் தைக்கிற மாதிரியே பேசுகிறீர்கள். நான் திருப்பூர் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பனியன் கம்பெனி வேலை வீட்டுக்கே வரும். பிசிறு வெட்டுவது, பட்டன் வைப்பது, மடித்து அடுக்குவது எல்லாம் பீஸ் கணக்கு. நான் முன்பு மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடையும் தைத்திருக்கிறேன். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வருஷத்துக்கு நாலு ஜோடி கொடுக்கிறதே, அதுதான். பள்ளி திறக்கும் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் பீஸ் முடிய வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது அங்கன்வாடிதான். இரண்டு வயது முடிந்ததும் மகனைச் சேர்த்தேன். காலையில் விட்டால் மதியச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். சிலர் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து வீட்டில் டிவி முன்னால் உட்காரவைக்கிறார்கள். ஊசிமல்லி, உங்கள் பெரியவனுக்கு மூன்றரை வயது ஆயிற்றே, பக்கத்தில் அங்கன்வாடி எங்கே என்று பாருங்கள்.

அதோடு, உங்கள் நாலு பிளவுஸ் கூலிக்கா, சிநேகிதத்துக்கா? கூலிக்கு என்றால் தேதி சொல்லி வாங்குங்கள். சிநேகிதத்துக்கு என்றால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தலைவலி.

சும்மாவந்தேன்
மதியம் 2:10

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் சின்னதாக இருப்பது ரெண்டு மூணு வருஷம்தான். அதற்குள் இந்த ஊசி நூல் எல்லாம் அவ்வளவு அவசியமா? குழந்தையோடு இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் போன பிறகு நிம்மதியாகத் தைக்கலாமே. எங்கள் காலத்தில் யாரும் "எனக்கான நேரம்" என்று கேட்டதில்லை.

ராக்கோழி
மதியம் 2:18

வந்துட்டாங்கய்யா.

ரெட்டைவால்
மதியம் 2:40

உங்கள் காலத்தில் கேட்காமலே கிடைத்திருக்கும். திண்ணையில் அத்தை இருப்பார், பக்கத்து வீட்டில் பாட்டி இருப்பார், குழந்தை யார் இடுப்பிலோ இருக்கும். எங்களுக்கு இரண்டாவது மாடியில் கதவைச் சாத்தினால் நானும் இரண்டு வாலும்தான். அப்புறம் "ரெண்டு மூணு வருஷம்" என்பது ஒரு குழந்தைக்கு. இரண்டாவது பிறந்தால் மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

மிதிமெஷின்
மாலை 4:05

சண்டை வேண்டாம். ஆனால் எங்கள் காலத்திலும் தைத்தோம் அம்மா. பெயர்தான் வேறு. பழைய வேட்டியைக் கிழித்து லங்கோடு, பின்பக்கம் நாடா வைத்து ஜப்லா, அம்மாவின் நூல் புடவைகளை அடுக்கிக் குழந்தைக்கு மெத்தை விரிப்பு. எல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே செய்ததுதான். "குழந்தைக்காக" என்று சொன்னதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதே பெண் தனக்காக ஒரு தலையணை உறையில் பூ போட்டால் மாமியார் முகம் மாறும். என் மாமியார் சொல்வார், "பிள்ளை அழுவுது, இவளுக்கு மெஷின் கேக்குது" என்று. அவரே பிறகு அக்கம்பக்கத்தில் என் எம்பிராய்டரியைக் காட்டிப் பெருமை பேசுவார், அது வேறு கதை.

ஊசிமல்லி, கை பழக்கம் விட்டுவிட்டால் திரும்பி வர நாளாகும். வாரத்தில் கொஞ்சமாவது தொட்டுக்கொண்டிரு. ஆர்டர் வேண்டாம், பழக்கம் வேண்டும்.

சின்னு அப்பா
இரவு 8:45

ஆண்கள் எழுதலாமா? மனைவி குரோஷா போடுவார், இந்த இழையைப் படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினார். "படி" என்றார். படித்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவேன். அங்கேயே இட்லி, பிறகு மார்க்கெட், வீட்டுக்கு வரப் பத்து ஆகும். முன்பு நான் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "அம்மா" என்று கதவைத் தட்டுவார்கள், நானும் "இவனுக்கு டிரஸ் எங்கே?" என்று கேட்பேன். வீட்டை விட்டு வெளியே போனால்தான் அந்த மூன்று மணி நேரம் உண்மையில் அவருக்குக் கிடைக்கிறது. அதனால் முடிந்த உதவியைச் செய்கிறேன்.

கொங்குப்பொண்ணு
இரவு 9:00

நல்ல காரியம் அண்ணா. "உதவி" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் உங்களுடையதும்தானே :)

சின்னு அப்பா
இரவு 9:04

மனைவியும் அதையேதான் சொன்னார். எடுத்துவிட்டேன்.

நாஞ்சில்காரி
இரவு 10:20

விட்ட இடத்தில் நிற்கும் வேலை பற்றி மிதிமெஷின் அம்மா சொன்னதும் எங்கள் ஊர் லேஸ் ஞாபகம் வந்தது. நாகர்கோவிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசாதான் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்குப் போனவர். அங்கேயும் லேஸ் வேலையைக் கொண்டுபோனார். கால்டுவெல் என்றால் ஒப்பிலக்கணம் எல்லாருக்கும் தெரியும், அந்த அம்மாவின் லேஸ் எங்கள் பக்கத்தில்தான் தெரியும்.

என் பாட்டி திண்டு லேஸ் போடுவார். உருண்டையான ஒரு திண்டு, அதன் மேல் மாதிரி வரைந்த அட்டை, அட்டையில் புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கட்டைகளைக் குறுக்கே மாற்றி முறுக்கினால் பின்னல் விழும், அதைக் குண்டூசி பிடித்துக்கொள்ளும். பாதியில் எழுந்து போனால் ஒரு துணியைப் போட்டு மூடி, திண்டைத் தூக்கி உயரத்தில் வைத்துவிடுவார். மறுபடி எடுக்கும்போது ஒரு இழைகூட நகர்ந்திருக்காது. பாட்டி ஏழு பிள்ளை பெற்றவர். வீட்டு வேலைக்கு நடுவில் வருமானம் பார்க்க வேண்டிய பெண்களிடம் இந்த வேலை அவ்வளவு காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எனக்குத் திண்டு வராது. நான் குரோஷா. அதுவும் அவிழ்கிற ஜாதிதான், ஆனால் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அதில் பின்னைக் கோத்தால் முடிந்தது. பஸ்ஸில், தடுப்பூசி போடக் காத்திருக்கும் வரிசையில், எங்கும் போடலாம்.

ராக்கோழி
இரவு 10:45

அருமை! இதையெல்லாம் படித்ததில் இன்றைக்கு என் எம்மிங் போச்சு. உண்மையைச் சொன்னால் நம் நேரத்தைச் சாப்பிடுவதில் முதலிடம் குழந்தைகளுக்கு இல்லை, போனுக்குத்தான். "மூன்று நிமிடத்தில் பிரைடல் ஆரி" என்று வீடியோ பார்ப்போம், அடுத்தது வரும், அதையும் பார்ப்போம். பார்த்த நேரத்தில் ஒரு கைக்குப் பார்டர் போட்டிருக்கலாம். பிரசவமான மூன்றாம் மாதத்தில் கல்யாணப் பெண் பிளவுஸ் போடுகிறவரின் வீடியோவில், குழந்தையை யார் தூக்கி வைத்திருக்கிறார் என்பதைக் காட்டவே மாட்டார்கள்.

கடல்பக்கம்
மறுநாள் காலை 9:30

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருந்தேன். ஆரி முத்து, சமிக்கி, குந்தன் கல் எல்லாம் குழந்தை மூக்குக்குள் போய் எங்களிடம் வருவது சர்வசாதாரணம். அம்மாவுக்கே தெரியாது. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் ஊக்கையோ பட்ஸையோ விட்டுக் கிளறாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். நேரே மருத்துவரிடம் போங்கள்.

முத்தைவிட மோசம் இரண்டு உண்டு. ஒன்று, எம்பிராய்டரிக்கு என்று விற்கும் குட்டி எல்.இ.டி விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிக்க ஆரம்பித்துவிடும், மூக்கில் போனாலும் உள்ளே புண்ணாக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இன்னொன்று, குண்டூசி பிடித்து வைக்க வாங்கும் சக்திவாய்ந்த குட்டிக் காந்தங்கள். இரண்டை விழுங்கினால் வயிற்றுக்குள் குடலின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு குடலையே துளைக்கும். ஒன்பது மாதக் குழந்தை தவழும் தரையில் இவை எதுவும் வேண்டாம். மணி வேலையை அவள் தூங்கும்போதுகூட அந்த அறையில் செய்யாதீர்கள், கீழே சிதறியது எழுந்த பிறகுதான் அவள் கண்ணில் படும். நம் கண்ணைவிட அவள் கண் தரைக்குப் பக்கம்.

மிதிமெஷின்
காலை 10:00

மிகவும் அவசியமான பதிவு. ஊசியை எண்ணி எடு, எண்ணி வை என்று நான் முதல் வகுப்பிலேயே சொல்வேன். விளக்கு வைத்த பிறகு ஊசியைக் கைமாற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதே, மங்கிய வெளிச்சத்தில் விழுந்த ஊசியைத் தேட முடியாது என்பதால்தான் இருக்கும்.

பெரியவனுக்கும் ஒரு வேலை கொடு. தினசரி காலண்டரின் பின் அட்டையை மீன் மாதிரி வெட்டி ஓரத்தில் துளை போட்டு, பழைய ஷூ லேஸைக் கொடுத்தால் கோத்துக்கொண்டிருப்பான். லேஸ் நுனியில் பிளாஸ்டிக் இருப்பதால் ஊசி வேண்டாம். வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல். அரை மணி நேரமெல்லாம் எதிர்பார்க்காதே. பிளவுஸில் ஒரு கை ஏற்றுகிற நேரம் கிடைக்கும்.

காஜாபட்டன்
மதியம் 12:40

மதுரைக்காரன், தையல்காரன். அப்பா புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தார். திருமலை நாயக்கர் கட்டின மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின், காலையில் துணி கொடுத்துவிட்டு மீனாட்சியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே கற்றது ஒன்றுதான், அப்பா ஒருநாளும் ஒரு பிளவுஸை ஆரம்பித்து முடித்து அடுத்ததை எடுத்ததில்லை. எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிடுவார். பிறகு எல்லாத்துக்கும் டக்ஸ் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கிற மடிப்பு), எல்லாத்துக்கும் பட்டி, எல்லாத்துக்கும் தோள், கடைசியில் எல்லாத்துக்கும் கை. கொக்கியும் எம்மிங்கும் வீட்டுக்கு வரும், அம்மா போடுவார்.

வீட்டில் தைக்கிறவர்களுக்கும் இதுதான் வழி. வெட்டும் வேலை ஒன்றுக்குத்தான் முழு மனசும் முழுத் தரையும் வேண்டும். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கத்தரியை எடுக்கவே எடுக்காதீர்கள். சின்னு அப்பா மாதிரி யாராவது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் அந்த நேரத்தில் மெஷினைத் தொடாமல் வெட்டுவதை மட்டும் முடித்துவிடுங்கள். நாலையும் சேர்த்து வெட்டிப் பையில் போட்டுவிட்டால் மிச்சத்தை உதிரி நேரத்தில் ஒப்பேற்றலாம். டக்ஸ் பிடிக்க ஐந்து நிமிஷம், ஒரு தோள் சேர்க்க அதைவிடக் குறைவு.

மிதி மெஷின் வைத்திருந்தால் எழுந்து போகும்போது பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுங்கள். குழந்தை மிதியில் ஏறி நின்றால் சக்கரம் சுற்றும், விரல் மாட்டும். மோட்டார் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்குச் சுவிட்ச் என்றால் விளையாட்டு.

ஆர்டர் விஷயம். இது ஆனி. ஆடியில் முகூர்த்தம் இருக்காது, எங்களுக்கே வேலை குறைவு. ஆவணி பிறந்தால் கல்யாண பிளவுஸ், அதை ஒட்டியே தீபாவளித் துணி வந்துவிடும். அந்த எதிர்வீட்டு அக்காவை இப்போதே ஒரு டெய்லரிடம் போகச் சொல்லுங்கள், ஆடியில் நிதானமாகத் தைத்துக் கிடைக்கும். ஆவணியில் திருப்பிக் கொடுத்தால் உறவு கெட்டுவிடும்.

ரெட்டைவால்
மதியம் 1:15

அண்ணா சொன்ன "எல்லாத்துக்கும் டக்ஸ்" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். நாலும் பாதியில் நின்றால் ஒன்றுகூட முடிந்த திருப்தி இருக்காதே? எனக்கு ஒன்றையாவது முடித்து மடித்து வைத்தால்தான் அடுத்ததைத் தொடத் தெம்பு வரும்.

காஜாபட்டன்
மதியம் 1:30

அதுவும் நியாயம்தான். கூலிக்குத் தைக்கிறவனுக்கு மொத்தமாக முடிவதுதான் கணக்கு. உங்களுக்கு இரண்டு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சில்காரி
மதியம் 2:00

ஊசிமல்லி, கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஊசிதான் வேண்டும் என்று இருக்கிறதா? சாதாரண ஊசியில் அதே டிசைன் போடலாம். பின்தையல், பிரெஞ்சு நாட் என்கிற முடிச்சுத் தையல் எல்லாம் பாதியில் விட்டாலும் அவிழாது. பெரிய ஸ்டாண்டு வேண்டாம், கைக்கு அடக்கமான ரிங் போதும், மூடி உயரத்தில் மாட்டிவிடலாம். ஆரியைவிட மெதுவாகத்தான் நகரும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மெதுவாகும் என்பதால் கைகளுக்கு மட்டும் போடுங்கள். முன்கழுத்தைத் தலைப்பும் மாலையும் மறைக்கும். பின்கழுத்தைப் பூ வைத்த சடை மறைக்கும். கல்யாணப் போட்டோவில் தெரிவது கைதான்.

ஊசிமல்லி
அடுத்த வாரம், மதியம் 3:20

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பெரியவனுக்குச் சளி.

எதிர்வீட்டு அக்காவிடம் நாலு பிளவுஸையும் திருப்பிக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஃபால்ஸ் வைக்க ஒரு புடவை மட்டும் கொடுங்கள், அதை நிதானமாகச் செய்து தருகிறேன் என்றதும் சரியாகிவிட்டார். அது இப்போது தூளிக்குப் பக்கத்தில் நடக்கிறது. ஊறவைத்து இஸ்திரி போட்டாயிற்று அம்மா!

நாத்தனாரிடம் கைக்கு மட்டும்தான் வேலைப்பாடு என்று சொல்லிவிட்டேன். அவர் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் அனுப்பினார், முதுகு முழுக்க மயில். மயில் வேண்டுமென்றால் கடையில் கொடுக்கலாம், கை டிசைன் என்றால் நான் போடுகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, கை போதும் என்றார். முத்து வேலை கிடையாது. நூலும் ஜரிகையும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் அவர் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. சின்னவளுக்குப் பால் பாட்டில் பழக்கம் இல்லாததால் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் வெட்டி, டிசைனைத் துணியில் ஏற்றிவிட வேண்டும். தடுப்பு வாங்கவில்லை. ஆரி ஸ்டாண்டையே மூலைக்குக் குறுக்கே கட்டியிருக்கிறேன், ரெட்டைவால் சிரிக்கக் கூடாது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பட்டுத் துணிக்கு லைனிங் பருத்தியில் வாங்கியிருக்கிறேன். லைனிங்கோடு பட்டையும் நனைக்க வேண்டுமா?

ரெட்டைவால்
மதியம் 3:25

சிரித்துவிட்டேன். மன்னிக்கவும். அங்கன்வாடி என்ன ஆயிற்று?

ஊசிமல்லி
மதியம் 3:31

இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, போய்ப் பார்த்தேன். சளி சரியானதும் கூட்டி வரச் சொன்னார்கள். அவன் போவானா என்பது அவன் கையில்.

மிதிமெஷின்
மாலை 4:10

பட்டை நனைக்கவே கூடாது கண்ணு. லைனிங் துணியை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவை, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடு. சாயம் போகிறதா என்று அந்தத் தண்ணீரைப் பார், போனால் அந்த லைனிங்கே வேண்டாம், வியர்வையில் பட்டில் இறங்கும். பட்டைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் இஸ்திரி போடு. தண்ணீர் தெளிக்காதே, சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும்.

காஜாபட்டன்
மாலை 4:30

அம்மா சொன்னதோடு இன்னொன்று. பட்டில் குண்டூசியைத் தையலுக்கு வெளியே விடுகிற ஓரத்தில் மட்டும் குத்துங்கள், நடுவில் குத்தினால் துளை மூடாது. டிசைனை வெட்டுவதற்கு முன்பு முழுத்துணியிலேயே ஏற்றி, வேலைப்பாட்டையும் முடித்துவிட்டு, அப்புறம் கையை வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் ரிங்கில் மாட்டும்போது ஓரம் இழுபட்டுக் கை அளவு மாறிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உடம்புப் பகுதியையும் லைனிங்கையும் வெட்டினால் போதும், கைத் துணியை அப்படியே விட்டுவிடுங்கள்.